தங்கக் கம்பியும் நான்முகியும்

கணக்கில் கட்டிய உலகம் – பகுதி 14

சென்ற பகுதியை நார்ஃபோர்க் அணையில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் விரிசல் கண்ட அந்தக் கான்கிரீட் அணையை, 1960களின் தொடக்கத்தில் ரே கிளஃபும் எட்வர்ட் வில்சனும் முக்கோணங்களாகக் கூறுபோட்டுக் கணினியில் ஏற்றினார்கள். அணை ஒரு வசதியான பொருள். குறுக்கே எங்கே வெட்டினாலும் ஏறத்தாழ ஒரே வடிவம்தான் கிடைக்கும். தாளில் வரையக்கூடிய இரு பரிமாணம் அதற்குப் போதும்.

இந்தப் பகுதியில் வரும் பொருள் அப்படி வளைந்து கொடுக்காது. நகத்தளவே இருக்கும், ஆனால் மூன்றாவது பரிமாணத்தைக் கைவிட்டால் கணக்கே பொய்த்துவிடும். அதைத் தேடி நாம் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டும். ஜார்ஜ் டவுனின் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தெற்கே, விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸ் வரை.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வணிகத்தை நம்பியே வாழ்ந்த ஊர் அது. வேலையில்லாத் திண்டாட்டம் 15 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளே வழி என்ற முடிவுக்கு வந்தார். 1970இல் அமெரிக்க ஆலோசகர் ராபர்ட் நேதனின் குழு தந்த அறிக்கையும் அதையே சொன்னது. 1972இல் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் தடையற்ற வணிக வலயம் பிறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அந்த ஆண்டே இங்கே அமைத்தது. ஏஎம்டி, ஹெவ்லட்-பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து "எட்டு சாமுராய்கள்" என்று உள்ளூரில் சொல்வார்கள்.

இவற்றில் சில்லு நிறுவனங்களுடையவைகூட சில்லுகளை உருவாக்கிய ஆலைகள் அல்ல. சிலிக்கன் தகடுகளில் மின்சுற்றுகளைப் பதிக்கும் வேலை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. பினாங்கில் நடந்தது அதற்குப் பிறகான வேலை: தகட்டைச் சில்லுகளாக அறுப்பது, ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தில் ஒட்டுவது, சில்லின் விளிம்பிலிருந்து சட்டத்தின் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுப்பது, எல்லாவற்றையும் கறுப்பு எப்பாக்சிப் பிசினுக்குள் வார்த்து மூடிப் பொதியாக்குவது, சோதிப்பது. தங்கக் கம்பியின் விட்டம் சுமார் 25 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தொடக்க ஆண்டுகளில் நுண்ணோக்கியில் கண் பதித்து அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பங்கள் எனப்படும் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஆலைப் பேருந்துகளில் முறை மாற்றி வந்துபோனவர்கள். பினாங்கின் மின்னியல் வரலாற்றை எழுதுவோர் முதலீட்டுத் தொகைகளிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அது அந்தக் கண்களிலிருந்து தொடங்குவதாகவே படுகிறது. கம்பி எப்போது வளையும், எந்த மூலையில் அறும் என்பதை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்.

பார்க்க முடிந்ததும் அந்த இடம் வரைதான். அடுத்த கட்டமான மோல்டிங்கில் சில்லு அச்சுக்குள் போய்விடும். சுமார் 175 டிகிரி வெப்பத்தில், சிலிக்கா துகள் கலந்த எப்பாக்சி, கெட்டிக் குழம்பாக உள்ளே அழுத்தப்படும். சில நொடிகளில் அச்சை நிரப்பி, கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். ஓடும் குழம்பு கம்பிகளை ஒரு பக்கமாகத் தள்ளும். பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிட்டால் சில்லு பாழ். வயர் ஸ்வீப் என்பது இந்தக் குறைக்கு ஆலையில் உள்ள பெயர். காற்று எங்காவது சிக்கிக்கொண்டால் காற்றுக்குழி விழும். ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் இறுகினால் பொதி முழுவதும் கோணிக்கொள்ளும். நடந்தது என்ன என்று பின்னால் எக்ஸ்ரே சொல்லும். நடக்கும்போது பார்க்க வழியில்லை. எஃகு அச்சைத் திருத்திச் செய்து பார்ப்பது வாரக்கணக்கில் ஆகும், செலவும் மிகும்.

அப்படியானால் உள்ளே நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். ஓட்டத்துக்கான சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. தடை வேறிடத்தில் இருந்தது. சமன்பாட்டைத் தீர்க்க வேண்டிய இடத்தின் வடிவத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது?

இங்கே முதலில் ஒன்று தலைகீழாகிறது. வரைபட அலுவலகத்தில் வரைந்து வைத்திருப்பது சில்லு, சட்டம், கம்பி, அச்சு ஆகிய திடப்பொருள்களை. பிசின் ஓடுவது இவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில். அந்த வெற்றிடத்துக்கு யாரும் வரைபடம் போட்டதில்லை. அச்சின் உட்குழிவிலிருந்து சில்லையும் சட்டத்தையும் நூற்றுக்கணக்கான கம்பிகளையும் கழித்து, எஞ்சுவதை ஒரு மூடிய கனவடிவமாக எடுக்க வேண்டும். ஒரு பரப்பும் அடுத்த பரப்பும் சேரும் விளிம்பில் முடியளவு இடைவெளி இருந்தாலும் அது மூடிய வடிவம் ஆகாது. திரையில் அழகாகத் தெரியும், கணக்கில் ஒழுகும்.

வளைபரப்புகளைக் கணிதமாக எழுதும் கலை கார் ஆலைகளில் பிறந்தது. சித்ரோயனில் தெ காஸ்தல்ஜோவும் ரெனோவில் பெசியேவும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் அதை வளர்த்தார்கள். திடப்பொருளை அதன் முகங்கள், விளிம்புகள், முனைகள் வழியாகக் கணினிக்குச் சொல்லும் முறையை 1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு போன்றோர் உருவாக்கினார்கள். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றின் முதல் நோக்கம் பொருளை வரைவதும் வெட்டிச் செய்வதும். கணக்கிடுபவரின் தேவை வேறு. அச்சில் பொறித்த நிறுவன முத்திரை, கால்களின் சிறு முனைமழுக்கல், மேலே உள்ள அடையாளக் குழி எல்லாம் வரைபடத்தில் இருக்கும்; ஓட்டத்தை அவை மாற்றாது. அவற்றை நீக்காவிட்டால் ஒவ்வொரு சிறு வளைவும் ஆயிரக்கணக்கான நுண்கூறுகளைக் கேட்கும். எதை நீக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. முத்திரையை நீக்கலாம். அதே அளவுள்ள காற்றுப்போக்கித் துளையை நீக்கினால் காற்றுக்குழி எங்கே விழும் என்ற கேள்விக்கே பதில் மாறிவிடும். இதைத் தயாரிப்பு வேலை என்று பல பாடநூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. பொறியாளரின் அறிவு முழுவதும் சோதிக்கப்படுவது இங்கேதான் என்பேன்.

வடிவம் கிடைத்த பிறகு அதைக் கூறுபோட வேண்டும். அதுதான் மெஷ்: கணுக்களும் அவற்றை இணைத்து உண்டாகும் சிறு கனங்களும். எட்டு முனையுள்ள அறுமுகிகளாக இருக்கலாம், நான்கு முனையுள்ள நான்முகிகளாக இருக்கலாம். ஒவ்வொரு கூற்றுக்குள்ளும் வேகம், அழுத்தம், வெப்பம் ஆகியவை எளிய முறையில் மாறுவதாக வைத்துக்கொண்டு, எல்லாக் கூறுகளையும் ஒருசேரத் தீர்க்கிறோம். முடிவுறு கூறு முறை என்பது இதுதான். கூறு சிறிதாகச் சிறிதாக விடை உண்மையை நெருங்கும். அப்படியானால் எல்லாவற்றையும் மிகச் சிறிதாக வெட்டிவிட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மில்லிமீட்டர் சதுரமும் 1 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பொதி. 25 மைக்ரான் கம்பியைச் சுற்றி ஓடும் பிசினைச் சரியாகப் பிடிக்க 5 மைக்ரான் கூறு வேண்டும் என்று கொள்வோம். அதே அளவில் முழுப் பொதியையும் வெட்டினால் நீளத்தில் 7,000, அகலத்தில் 7,000, உயரத்தில் 200. பெருக்கினால் 980 கோடிக் கூறுகள். 1990களில் ஒரு பல்கலைக்கழகக் கணினி சில ஆயிரங்களிலிருந்து லட்சம் வரை தாங்கியிருந்தால் அதிகம். ஆகவே கம்பியருகே நுணுக்கமாகவும், தூரத்தில் பருமனாகவும், இடையே திடீர்த் தாவல் இல்லாமல் படிப்படியாகப் பெருத்தும் கூறுகள் அமைய வேண்டும். முப்பரிமாணத்தில் கூறின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். ஒரு இடத்தில் எடுக்கும் முடிவுக்கு அவ்வளவு விலை.

தொடக்கத்தில் இதெல்லாம் கைவேலை. வரைபடத் தாளில் முக்கோணங்களைப் போட்டு, கணுக்களுக்கு எண் கொடுத்து, ஆயத்தொலைவுகளைத் துளையட்டைகளில் குத்துவார்கள். ஒரு எண் பிசகினால் எங்கோ ஒரு கூறு உள்வெளியாகப் புரண்டிருக்கும். இந்தச் சுமையைக் குறைக்க முதலில் முனைந்தவர்களில் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ பல்கலைக்கழகத்து ஓல்கியெர்ட் சியென்கிவிச் முக்கியமானவர். 1961இல் அங்கே வந்த அவர், 1967இல் முடிவுறு கூறு முறைக்கான முதல் பாடநூலை சியுங்குடன் சேர்ந்து எழுதினார். 1969இல் கேலகருடன் சேர்ந்து இத்துறைக்கென்றே ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். அதே இதழில் 1971இல் அவரும் ஃபிலிப்ஸும் தானியங்கி மெஷ் முறை ஒன்றை வெளியிட்டார்கள். வடிவத்தைச் சில பெரிய வளைந்த கட்டங்களாக மனிதர் பிரித்துக் கொடுத்தால் போதும், உள்ளே நுண்கட்டங்களைக் கணினி நிரப்பிக்கொள்ளும்.

ஆனால் பெரிய கட்டங்களைப் பிரிப்பது இன்னும் மனிதரிடமே இருந்தது. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெற்றிடத்தை அப்படிப் பிரிப்பது எவருக்கும் இயலாத காரியம். அதற்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மலையேற்றத்தில் பெரும் ஈடுபாடு கொண்ட ரஷ்யக் கணிதர் போரிஸ் தெலோனே 1934இல் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிக் கூட்டத்தை இணைக்கும்போது, ஒவ்வொரு நான்முகியின் நான்கு முனைகள் வழியாகவும் செல்லும் கோளத்துக்குள் வேறெந்தப் புள்ளியும் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். பொறியியலை அவர் நினைக்கவேயில்லை. 1981இல் பௌயரும் வாட்சனும் தனித்தனியே, ஒரே ஆய்விதழில், இதைக் கணினியில் புள்ளி புள்ளியாகச் செய்யும் வழியைத் தந்தார்கள். எந்தச் சிக்கலான வெற்றிடத்தையும் நான்முகிகளால் நிரப்பக் கதவு திறந்தது. தளத்தில் இந்த விதி மிக நல்ல முக்கோணங்களைத் தரும், ஒல்லியான கோணங்களைத் தவிர்க்கும். முப்பரிமாணத்தில் அந்த உறுதி கிடையாது. நான்கு முனைகளும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் விழுந்த தட்டையான நான்முகிகள் நடுவில் ஒளிந்திருக்கும். விதிப்படி அவை சரியானவை, கணக்குக்கு நஞ்சு. லட்சம் கூறுகளில் இப்படிப்பட்ட ஒன்று போதும், தீர்வு ஒருங்காமல் சிதறிப்போகலாம். அதனால் மாற்று வழியொன்றும் கூடவே வளர்ந்தது. பரப்பிலிருந்து தொடங்கி, ஒரு முன்னணியாக உள்ளே நகர்ந்துகொண்டே கூறுகளை அடுக்கும் வழி அது. ஹாங்காங்கின் லோ 1985இல் தளத்துக்கும், சுவான்சீயில் பெரேய்ரா, மோர்கன், சியென்கிவிச் 1987இல் காற்றோட்டக் கணக்குக்கும் இதைக் கையாண்டார்கள்.

சுவான்சீ இந்தக் கதையில் மீண்டும் மீண்டும் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து ஒரு இழை சென்னை வழியாகப் பினாங்குக்கு வந்தது.

சென்னை ஐஐடிக்கு 1973இல் ஜெர்மன் உதவியுடன் ஐபிஎம் 370 கணினி வந்தது. முடிவுறு கூறு முறை அங்கே வேர்பிடிக்க அது பெருந்துணை. கட்டடப் பொறியியலில் சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி 1987இல் எழுதிய பாடநூல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு தலைமுறையின் மேசைமீது இருந்தது. அவரது குழு 1990களில் நாற்கர மெஷ் உருவாக்கத்திலும் ஆய்வு செய்தது. இயந்திரப் பொறியியலில் கே. என். சீதாராமு வெப்பக் கடத்தலுக்கும் திரவ ஓட்டத்துக்கும் இந்த முறையைக் கற்பித்தார். சுவான்சீயின் லூயிஸ், மோர்கன், தாமஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பக் கணக்கு நூல் 1996இல் வெளிவந்தது. அவரிடம் சென்னையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்களில் ஒருவர் பெருமாள் நித்தியரசு. பிறகு நித்தியரசு சுவான்சீ சென்று சியென்கிவிச்சுடன் பணியாற்றினார். சீதாராமு பினாங்கின் சைன்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆசிரியரும் மாணவரும் லூயிஸும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட வெப்ப, ஓட்டக் கணக்குப் பாடநூல் இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் இருக்கிறது. அதன் முகப்பில் சீதாராமுவின் பெயருக்குக் கீழே இருக்கும் நாடு மலேசியா.

அவர் வந்து சேர்ந்த காலமும் வாய்ப்பானது. 1969இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், சில காலம் பேராக்கின் துரோனோவில் இருந்துவிட்டு, 2001இல் நிபோங் திபாலுக்கு வந்தது. பாலம் கடந்தால் பாயான் லெப்பாஸ். ஆலைகளும் அப்போது வெறும் பொருத்தும் வேலையைத் தாண்டி வடிவமைப்புக்குள் நுழைந்திருந்தன. ஆலைக்குத் தொல்லை தந்தது எதுவோ அதுவே பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுப்பொருள் ஆயிற்று: மோல்டிங்கின்போது பிசின் ஓட்டம், மின்சுற்றுப் பலகையின் வெப்பம் தணிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அண்டர்ஃபில்.

அண்டர்ஃபில்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் பரிமாணத்தின் முழுத் தொல்லையும் அங்கேதான் இருக்கிறது.

தங்கக் கம்பிகளுக்கு மாற்றாக, சில்லைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முகமெங்கும் இட்ட சிறு சால்டர் குண்டுகள்மேல் நேரடியாகப் பலகையில் உட்கார வைக்கும் முறையை ஐபிஎம் 1960களில் தொடங்கியது. ஃபிளிப் சிப் என்று பெயர். பின்னாளில் சில்லு உட்காரும் பலகை பீங்கானிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது புதுச் சிக்கல் முளைத்தது. ஒரு டிகிரி சூட்டுக்குச் சிலிக்கன் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். பிளாஸ்டிக் பலகை 15 பங்குக்கும் மேல் விரியும். சில்லின் நடுவிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு குண்டைப் பாருங்கள். கணினி 100 டிகிரி சூடேறினால், குண்டின் தலைக்கும் அடிக்கும் இடையே 6 மைக்ரான் விலகல். குண்டின் உயரமே 50, 60 மைக்ரான்தான். கணினியை ஏற்றி அணைக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி இழுபட்டால் குண்டு விரிசல் விட்டுவிடும். அதனால் சில்லுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் எப்பாக்சியை நிரப்பி, விரிவின் சுமையை எல்லாக் குண்டுகளுக்கும் பகிர்கிறார்கள்.

நிரப்புவது எப்படி? சில்லின் ஓரத்தில் பிசினைக் கோடாக ஊற்றினால் போதும். அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த இடுக்கு பிசினைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். 1921இல் வாஷ்பர்ன் கண்ட விதிப்படி, நிரம்பும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சில்லின் நீளம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. சில்லுகள் ஆண்டுதோறும் பெருக்க, இடுக்கு சிறுக்க, ஆலை வரிசையில் இந்தக் காத்திருப்பு பெருஞ்சுமை ஆனது. வாஷ்பர்னின் விதி குண்டுகளைக் கணக்கில் எடுக்காது என்பது இன்னொரு குறை. குண்டுகள் நெருங்கிய இடத்தில் பிசின் ஒரு விதமாகவும், வெற்று இடத்தில் வேறு விதமாகவும் ஓடும். விளிம்புகளில் விரைந்த பிசின் நடுவில் தயங்கியதைச் சுற்றி வளைத்துக்கொண்டால் காற்று சிறைப்படும். அந்தக் காற்றுக் குமிழ்மேல் உள்ள குண்டுகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு மெஷ் போட உட்கார்ந்தால் இடத்தின் விகிதமே மிரட்டும். 10 மில்லிமீட்டர் அகலம், 50 மைக்ரான் உயரம்: இருநூறுக்கு ஒன்று. உயரத்தில் ஐந்தே அடுக்கு வைத்தாலும் கூற்றின் பக்கம் 10 மைக்ரான். பக்கங்கள் சமமாக இருக்க வேண்டுமானால் பரப்பில் ஆயிரத்துக்கு ஆயிரம். மொத்தம் 50 லட்சம். தட்டையாக இழுத்துவிட்டால் எண்ணிக்கை குறையும். ஆனால் குண்டுகளின் வளைவருகே தட்டைக் கூறுகள் பொய் சொல்லும். இடுக்கு மெல்லியது என்பதையே சாதகமாக்கி உயரத்தைச் சராசரியாக்கிவிடும் குறுக்குவழி ஒன்று பிளாஸ்டிக் வார்ப்புத் துறையில் இருந்தது. கார்னெலில் ஹீபரும் ஷெனும் 1980இல் நிறுவியது. 1978இல் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்டுஃப்ளோ மென்பொருள் நிறுவனமும் அந்தத் துறையில் பிறந்ததுதான். வாளி, நாற்காலி போன்ற மெல்லிய பொருள்களுக்கு இந்தக் குறுக்குவழி அருமையாக உழைத்தது. குண்டுகள் நிறைந்த இடுக்கில், பிசினின் முன்விளிம்பு மேலும் கீழும் வளைந்து நகரும் இடத்தில், அந்தக் குறுக்குவழி எதைக் காட்ட வேண்டுமோ அதையே மறைத்துவிடுகிறது.

சீதாராமுவும் குல்கர்னி, இஷாக் அப்துல் அசித், அஸ்வத்த நாராயணா, குவாதிர் ஆகியோரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. அண்டர்ஃபில் ஓட்டத்தை முடிவுறு கூறு முறையில், சியென்கிவிச்சும் கோதினாவும் 1995இல் முன்வைத்த சிபிஎஸ் என்னும் வழியில் தீர்த்தார்கள். பிசினின் முன்விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை, மெஷ்ஷையே நகர்த்தாமல், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு பிசின் இருக்கிறது என்ற எண்ணைக் கொண்டு தொடர்ந்தார்கள். கட்டுரை வெளிவந்தது சியென்கிவிச் 1969இல் தொடங்கிய அதே ஆய்விதழில். சுவான்சீயில் பிறந்த முறை, சென்னையில் பயின்ற கைகள், பினாங்கு ஆலையின் தேவை ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் கூடின.

அதன் பிறகு வேலை முழு முப்பரிமாணத்துக்குப் போனது. முகமது சுல்கிஃப்ளி அப்துல்லாவின் குழுவினர், கோர் சூ யீ உள்ளிட்டோர், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்டர்ஃபில்லில் குண்டுகளின் அடுக்கு முறை ஓட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று காட்டினார்கள். மோல்டிங்கில் இன்னொரு படி மேலே ஏறினார்கள். பிசின் கம்பியைத் தள்ளுகிறது, வளைந்த கம்பி பிசினின் பாதையை மாற்றுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். திரவத்துக்கு ஒரு மெஷ், கம்பிக்கு வேறொரு மெஷ். ஒரு மென்பொருள் ஓட்டத்தைத் தீர்க்க, மற்றொன்று கம்பியின் வளைவைத் தீர்க்க, நடுவே மூன்றாவது ஒன்று ஒவ்வொரு கணமும் இரண்டு மெஷ்களின் தொடுபரப்பிலும் விசையையும் நகர்வையும் பரிமாறிக்கொடுத்தது. கம்பி நகர நகர அதைச் சுற்றியுள்ள நான்முகிகள் நசுங்கும், நீளும், ஒரு கட்டத்தில் புரளும். அதற்கு முன் அந்தப் பகுதியைப் புதிதாக வெட்ட வேண்டும். வடிவத்தை ஒருமுறை செய்து முடித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கும் பழைய ஒழுங்கு இங்கே உடைகிறது. வடிவமும் மெஷ்ஷும் கணக்கோடு கூடவே பிறந்துகொண்டிருக்கின்றன.

அந்தக் குழுவினரிடம் நான் மதிப்பது, திரையில் வந்த வண்ணப் படத்தை அவர்கள் அப்படியே நம்பாததை. பொதியைப் பல மடங்கு பெரிதாக்கிய ஒளிபுகும் மாதிரிகளைச் செய்து, உள்ளே திரவத்தைச் செலுத்தி, முன்விளிம்பு நகர்வதைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். மெஷ்ஷைப் பருமனாகவும் நுணுக்கமாகவும் மாற்றி மாற்றி, விடை மாறாத நிலை வரும்வரை ஓட்டிப் பார்ப்பது இத்துறையின் அடிப்படை ஒழுக்கம். அதைச் செய்யாத கணக்கை எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் ஏற்கக் கூடாது. அதைச் செய்த பிறகும் மெஷ்ஷைப் பற்றிய ஐயம்தான் தீர்ந்திருக்கும். சமன்பாட்டில் விட்டுப்போன இயற்பியலை எந்த நுணுக்கமும் ஈடுகட்டாது. அதற்குச் சோதனைதான் சாட்சி.

பினாங்கை விட்டுக் கிளம்புமுன் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட சுல்தான் அப்துல் ஹலிம் பாலம் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம். 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடல்மேல். சுமத்திரா நிலநடுக்கங்கள் இங்கே உணரப்படுவதால், அதிர்வை உட்கிரகிக்கும் இயற்கை ரப்பர் தாங்கிகள்மேல் அது நிற்கிறது. மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வில் உருவானவை அவை. பெருநிலத்துச் செபராங் பிறைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ரப்பர்ப் பால் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாலத்தின்மேல் வேலைக்குப் போய்வருகிறார்கள் என்பது வரலாற்றில் நான் விரும்பிப் பதிவு செய்யும் செய்தி.

ரப்பர் மெஷ் போடுபவருக்கு ஒரு கடும் ஆசிரியர். வடிவம் எளிது: ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிய ஒரு கட்டை. குழந்தையும் வரைந்துவிடும். ஆனால் ரப்பர் வடிவம் மாறுமே தவிர கன அளவு கிட்டத்தட்ட மாறாது. எளிய நான்முகிகளால் அதை நிரப்பிக் கணக்கிட்டால், ஒவ்வொரு நான்முகியும் தன் கன அளவைக் காத்துக்கொள்ளப் பிடிவாதம் பிடித்து, எதுவும் அசையாமல் இறுகிவிடும். கணினி தரும் விடையில் ரப்பர் கல்லைப்போல விறைத்து நிற்கும். மெஷ்ஷை நுணுக்கினாலும் எளிதில் தீராது. அழுத்தத்தைத் தனியொரு மாறியாக வைத்துத் தீர்க்கும் வழியை 1965இல் ஹெர்மன் காட்டினார். அதற்கேற்ற கூறுகளை, பெரும்பாலும் அறுமுகிகளை, தேர்ந்தெடுக்க வேண்டும். சில்லின் வெற்றிடத்தில் நான்முகி இல்லாமல் வழியில்லை. ரப்பர் கட்டையில் அதே எளிய நான்முகியை நம்பினால் ஏமாற்றம். பொருளை அறியாமல் வடிவத்தை மட்டும் பார்த்து வெட்டும் எந்தத் தானியங்கிக்கும் இந்த வேறுபாடு தெரியாது.

தானியங்கிகள் வளர்ந்துவிட்டன என்பது உண்மை. ஜெம்ஷ், டெட்ஜென், நெட்ஜென் போன்ற இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. நல்ல மடிக்கணினி இருந்தால் நிபோங் திபாலிலோ திருநெல்வேலியிலோ ஒரு மாணவர் லட்சக்கணக்கான நான்முகிகளைச் சில நிமிடங்களில் உருவாக்கலாம். பாயான் லெப்பாஸிலும் வேலை மாறியிருக்கிறது. பல சிறு சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உயர்நிலைப் பொதித்தலுக்காக, இன்டெல் 2021 டிசம்பரில் பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்வதாக அறிவித்தது. அடுக்கு கூடக் கூட இடுக்குகள் மெலிகின்றன, குண்டுகள் சிறுக்கின்றன, இருநூறுக்கு ஒன்றாக இருந்த விகிதம் இன்னும் மோசமாகிறது. இன்று அந்த ஆலைகளில் சேரும் இளம் பொறியாளர், காலையில் வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி "மெஷ் போட்டாச்சா?" என்பதாக இருக்கலாம். அதற்கு முன் கேட்க வேண்டியது, எதை விட்டுவிட்டுப் போட்டோம் என்பது.

இதுவரை பார்த்த அணைக்கும் சில்லுக்கும் பாலத்துக்கும் யாரோ ஒருவர் வரைந்த வரைபடம் இருந்தது. சுவான்சீ சென்ற நித்தியரசு பிற்காலத்தில் எடுத்துக்கொண்டவை ரத்தக் குழாய்களும் மூச்சுப் பாதைகளும். அவற்றுக்கு வரைபடம் கிடையாது. சிடி ஸ்கேன் தரும் சாம்பல் நிறத் துண்டுப் படங்களிலிருந்து, ஆளுக்கு ஆள் மாறும் வடிவத்தைப் பிரித்தெடுத்து மெஷ் போட வேண்டும். அடுத்த பகுதியில் மனித உடலுக்குள் நுழைகிறோம்.

(தொடரும்)